பல்கேரியாவின் வங்கிச் சீர்திருத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுவுடைமை ஆட்சி விழுந்த நாடுகளில் வங்கித் துறை எப்படிச் சீர்பட்டது என்று படிக்கப் புகுகிறவர்கள் பெரும்பாலும் போலந்தையோ செக் குடியரசையோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் பல்கேரியாவை எடுத்திருக்கிறேன். பத்து ஆண்டுகளுக்குள் தவறான வழியில் கடைசி வரை போய், அதன்பின் திரும்பி வேறு வழியில் நடந்த நாடு அது. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வங்கியில் ஒரு கணக்கு வைத்திருந்தால் போதும், இதைப் பின்தொடரலாம்.

பொதுவுடைமை ஆட்சியில் பல்கேரியாவில் வங்கிகள் இருந்தனவா?

கட்டடமும் கவுண்டரும் இருந்தன. வங்கித் தொழில் இல்லை. பல்கேரியத் தேசிய வங்கி என்ற ஒரே நிறுவனம் நோட்டு வெளியிட்டது, அரசின் கணக்கைப் பார்த்தது, தொழிற்சாலைகளின் கணக்குகளையும் வைத்திருந்தது. மக்களின் சேமிப்புக்கு டி.எஸ்.கே. என்ற அரசுச் சேமிப்பு வங்கி. ஏற்றுமதி இறக்குமதிக்கு 1964-இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு வர்த்தக வங்கி. பிற்காலத்தில் இதன் பெயர் புல்பேங்க்.

ஓர் ஆலை இவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று திட்டம் முடிவு செய்தால், அதற்கான பணம் வங்கியிலிருந்து வந்துவிடும். அந்த ஆலையால் கடனைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. மறுக்கும் அதிகாரம் இல்லாதவருக்குக் கடனை எடைபோடும் திறமை எப்படி வரும்? பின்னால் வந்த தொல்லைகள் பலவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து. வங்கிச் சட்டத்தை ஓராண்டில் எழுதிவிடலாம். அமைச்சர் தொலைபேசியில் கூப்பிடும்போதும் "முடியாது" என்று சொல்லக்கூடிய கிளை மேலாளர் அவ்வளவு விரைவில் உருவாகிவிட மாட்டார்.

அந்த ஒற்றை வங்கியை எப்படிப் பிரித்தார்கள்?

இரண்டு தவணைகளில். 1987-இல், கட்சி இன்னும் ஆட்சியில் இருந்தபோதே, துறைவாரியாகச் சில வங்கிகளை அமைத்தார்கள். பிறகு 1989–90-இல் தேசிய வங்கியின் மாவட்டக் கிளைகளைத் தனித்தனி வணிக வங்கிகளாக அறிவித்தார்கள். நேற்று வரை கிளையாக இருந்தது இன்று சொந்தப் பெயர்ப்பலகையுடன் வங்கி ஆனது. சுமார் 90 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் 70 வங்கிகள் அளவுக்கு முளைத்துவிட்டன.

நிறைய வங்கிகள் இருந்தால் போட்டி வளரும். அது நல்லதுதானே?

பேரேட்டைத் திறந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒரு மாவட்டத்துக் கிளையிடம் இருந்தவை பெரும்பாலும் அந்த மாவட்டத்து ஆலைகளின் கடன்கள். ஊரில் ஒரு பெரிய ஆலை இருந்தால், வங்கியின் உயிர் அந்த ஆலையின் கையில். ஆலைக்குக் கடனை நிறுத்தினால் பழைய கடன் வராது, வங்கி விழும். எனவே நிறுத்த முடியாது. நொடிந்த கடன்காரரிடமே வங்கி கைதியாகிவிட்ட நிலை.

இதை உணர்ந்து 1992-இல் வங்கி ஒருங்கிணைப்பு நிறுவனம் என்ற ஒன்றைத் தொடங்கி, அரசு வைத்திருந்த வங்கிப் பங்குகளை அதனிடம் மாற்றினார்கள். அது சிறு வங்கிகளை இணைக்க ஆரம்பித்தது. 22 வங்கிகளைச் சேர்த்து உருவான ஒன்றிணைந்த பல்கேரிய வங்கி அதன் முதல் பெரிய வேலை. ஆனால் இணைப்பு மெதுவாக நடந்தது, விற்பனை நடக்கவே இல்லை. ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் நாற்காலியும் ஆளுங்கட்சிக்கு ஒரு பரிசுப் பொருளாக இருந்த வரையில், விற்க அவசரம் காட்ட யாருக்கும் காரணம் இல்லை.

வாராக்கடன்கள் எல்லாம் பழைய ஆட்சி விட்டுச் சென்றவைதானே?

இல்லை. பல்கேரியாவைப் பற்றி ஒரே ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய சுமை இருந்தது உண்மை. பல்கேரியாவின் வணிகத்தில் பெரும்பகுதி சோவியத் அணி நாடுகளோடுதான் நடந்தது. அந்தச் சந்தை 1990–91-இல் மறைந்தது. வெளிநாட்டுக் கடன் சுமார் 1,000 கோடி டாலர் சேர்ந்திருந்தது. 1990 மார்ச்சில் பிரதமர் அந்திரேய் லுகானொவ் அரசு அதைக் கட்டுவதை நிறுத்தியது. 1994-இல்தான் மேலை நாட்டு வணிக வங்கிகளோடு சமரசம் ஏற்பட்டது.

ஆனால் 1991 பிப்ரவரியில் விலைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும் பணவீக்கம் அந்த ஆண்டிலேயே 300 சதவீதத்தைத் தாண்டியது. லெவ் என்ற பல்கேரிய நாணயத்தில் இருந்த பழைய கடன்களின் மெய்ம்மதிப்பு இதில் பெருமளவு கரைந்துபோனது. டாலர் கடன்கள்தான் தப்பின. ஆகவே 1996-இல் வங்கிகளைக் கவிழ்த்த வாராக்கடன்களில் பெரும்பங்கு, சுதந்திரச் சந்தை வந்த பிறகு, புதிய சட்டங்களின்கீழ், புதிய அதிகாரிகள் கையெழுத்திட்டுக் கொடுத்தவை.

அரசு அந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்யவில்லையா?

செய்தது. 1993 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. 1990 டிசம்பர் 31 வரை அரசு நிறுவனங்கள் வாங்கிக் கட்டாமல் வைத்திருந்த கடன்களை அரசு ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு வங்கிகளுக்கு 25 ஆண்டுக் கடன் பத்திரங்களைக் கொடுத்தது. லெவ் கடனுக்கு லெவ் பத்திரம், டாலர் கடனுக்கு டாலர் பத்திரம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கிகள் கொடுக்க வேண்டியது எதுவும் குறையவில்லை. லெவ் பத்திரங்களுக்கு ஆரம்ப ஆண்டுகளில், தேசிய வங்கி நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியில் ஒரு பகுதியே கிடைத்தது. வைப்பாளர்களுக்கோ வங்கி முழு வட்டி தர வேண்டும். அதைவிடப் பெரிய குறை, நட்டத்தில் ஓடிய ஆலைகள் அப்படியே ஓடின என்பது. பழைய கடன் துடைக்கப்பட்டதால் ஆலைகளின் கணக்கு சுத்தமாகி, அவை மறுபடியும் கடன் கேட்க வந்தன, வங்கிகளும் கொடுத்தன. ஓட்டையை அடைக்காமல் பானையில் நீர் ஊற்றிய கதைதான்.

ஒருமுறை தள்ளுபடி செய்த அரசு மறுமுறையும் செய்யும் என்று கடன் வாங்கியவர் எதிர்பார்ப்பதில் தவறு காண முடியாது. ஹங்கேரியிலும் இது நடந்தது. அங்கே 1990-களின் முற்பாதியில் வங்கிகளுக்கு மீண்டும் மீண்டும் மூலதனம் ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி என்றார்கள்.

போலந்து இதை வேறு விதமாகச் செய்ததா?

ஆம், அதன் வித்தியாசம் கவனிக்கத் தக்கது. போலந்தும் மத்திய வங்கியிலிருந்து 1989-இல் ஒன்பது வணிக வங்கிகளைப் பிரித்தது. அங்கும் பத்திரம் கொடுத்தே மூலதனத்தை நிரப்பினார்கள். ஆனால் 1993-இல் வந்த சட்டம் பணத்தோடு நிபந்தனையையும் கட்டிக் கொடுத்தது. கடன் வசூலுக்கென்று ஒவ்வொரு வங்கியும் தனிப் பிரிவு அமைக்க வேண்டும். 1994 மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு வாராக்கடனுக்கும் ஒரு முடிவு காண வேண்டும்: கடன்காரருடன் சமரசம், திவால் வழக்கு, அல்லது கடனையே ஏலத்தில் விற்பது. பட்டியலில் உள்ள நிறுவனத்துக்குச் சமரச ஏற்பாட்டுக்கு வெளியே புதுக் கடன் கிடையாது.

எல்லா ஆலைகளும் இதனால் திருந்திவிடவில்லை. பல சமரசங்கள் வெறும் தவணை நீட்டிப்பாகவே முடிந்தன. ஆனால் வங்கி ஊழியர்கள் கடன்காரரின் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகினார்கள். எனக்கு அதுதான் பத்திரங்களைவிடப் பெரிய இலாபமாகத் தெரிகிறது.

செக் குடியரசின் கதை வேறு. அங்கே பங்குச் சீட்டுகளை மக்களுக்கு விநியோகித்துத் தொழில்களைத் தனியார்மயமாக்கினார்கள். அந்தச் சீட்டுகளைத் திரட்டிய முதலீட்டு நிதியங்களில் பெரியவை பலவற்றை நடத்தியவை வங்கிகளே. வங்கியின் நிதியம் ஆலைக்கு முதலாளி, அதே வங்கி ஆலைக்குக் கடன் கொடுப்பவர். யார் யாரைக் கண்டிப்பது? 2000 ஜூனில் ஐ.பி.பி. என்ற செக் வங்கிக்குள் ஆயுதம் தாங்கிய போலீசார் நுழைந்து, சில நாள்களுக்குள் அது வேறொரு வங்கிக்குக் கைமாறியதோடு அந்தக் கட்டம் முடிந்தது.

அரசு வங்கிகள்தாம் கெட்டவை என்றால், தனியார் வங்கிகள் காப்பாற்றியிருக்காதா?

1990-களின் முதல் பாதியில் பல்கேரியாவில் தனியார் வங்கி தொடங்குவது எளிதாக இருந்தது. குறைந்த மூலதனம் போதும், அந்த மூலதனம் எங்கிருந்து வந்தது என்ற விசாரணையும் கண்டிப்பாக இல்லை. சிலர் ஒரு வங்கியில் கடன் வாங்கி இன்னொரு வங்கியின் பங்கை வாங்கினார்கள். வங்கி முதலாளியின் கம்பெனிகளே வங்கியின் பெரிய கடன்காரர்களாகவும் இருந்தன. அரசு வங்கி அரசியல்வாதியின் வேண்டியவர்களுக்குக் கொடுத்தது. தனியார் வங்கி தன் வேண்டியவர்களுக்குக் கொடுத்தது. வைப்பாளருக்கு இரண்டும் ஒன்றே. 1990-இல் தொடங்கிய முதல் தனியார் வங்கி நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கியாக வளர்ந்து, 1996-இல் விழுந்தது.

இப்படி வாங்கிக் கட்டாமல் போனவர்களுக்குப் பல்கேரியர்கள் கடன் கோடீசுவரர்கள் என்று பெயர் வைத்தார்கள். கடன் வாங்கிப் பணக்காரரானவர்கள், திருப்பிக் கொடுக்காததால் பணக்காரராகவே இருந்தவர்கள்.

1996-இல் என்னதான் நடந்தது?

வங்கிகளின் பணம் தீர்ந்துகொண்டே வந்தது. தேசிய வங்கி புதுப் பணத்தைக் கடனாகக் கொடுத்து அவற்றைத் தாங்கியது. அந்தப் பணம் வெளியே வந்ததும் டாலரைத் தேடி ஓடியது. டாலர் கையிருப்பு குறைந்தது, லெவ் சரிந்தது, சரிவைக் கண்டவர்கள் வங்கியிலிருந்து இன்னும் பணம் எடுத்தார்கள். அதை ஈடுகட்ட மத்திய வங்கி இன்னும் பணம் கொடுத்தது. இந்தச் சுழலுக்குள் போன பிறகு வட்டியை உயர்த்துவதால் ஆவது ஒன்றுமில்லை. செப்டம்பரில் அடிப்படை வட்டியை ஆண்டுக்கு 300 சதவீதமாக்கிப் பார்த்தார்கள். அரசு வாங்கியிருந்த உள்நாட்டுக் கடனின் வட்டிச் சுமை அதனால் வீங்கியது, அதைக் கட்ட மறுபடியும் பணம் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

மே மாதத்தில் முதல் தனியார் வங்கியும் அரசுக்குச் சொந்தமான மினரல்பேங்கும் மூடப்படும் வழிக்கு வந்தன. சிலவற்றை மட்டும் மூடிவிட்டு மற்றவை பத்திரம் என்று சொன்னால் மக்கள் நம்பமாட்டார்கள், நம்பவில்லை. செப்டம்பர் இறுதியில் மேலும் ஒன்பது வங்கிகள் சிறப்புக் கண்காணிப்பில் வைக்கப்பட்டன. எல்லாம் முடிந்தபோது நாட்டின் வங்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தது. முந்தைய ஆண்டில் கோதுமையை அளவுக்கு மீறி ஏற்றுமதி செய்திருந்ததால் ரொட்டிக்கும் வரிசை நின்றது. வங்கி வாசல், ரொட்டிக் கடை, டாலர் மாற்றும் கடை என்று மூன்று வரிசைகள்.

1996 தொடக்கத்தில் டாலருக்கு 70 லெவ். 1997 பிப்ரவரியில் அது 3,000 லெவ் அருகே போய்த் திரும்பியது. அந்த ஒரே மாதத்தில் விலைவாசி 240 சதவீதத்துக்குமேல் ஏறியது. ஓய்வூதியம் சில டாலர்களாகச் சுருங்கிவிட்டது. பிரதமர் ழான் விதேனொவ் டிசம்பரில் பதவி விலகியிருந்தார். ஜனவரி 10 அன்று கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. பிப்ரவரியில் ஸ்தெஃபான் சொஃபியான்ஸ்கியின் இடைக்கால அரசு, ஏப்ரலில் தேர்தல், பிறகு இவான் கோஸ்தொவ் பிரதமர்.

வைப்பாளர்களுக்குப் பணம் கிடைத்ததா?

சட்டப்படி கிடைத்தது. 1996-இல் அவசரமாக இயற்றிய சட்டம், மூடிய வங்கிகளில் தனிநபர்கள் போட்டிருந்த பணத்துக்கு முழுமையாகவும் நிறுவனங்கள் போட்டிருந்ததற்குப் பாதியும் அரசு பொறுப்பேற்கும் என்றது.

மெய்யாகக் கிடைத்தது வேறு. 1996 தொடக்கத்தில் ஒருவர் 70,000 லெவ் வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1,000 டாலர். 1997 கோடையில் நாணயம் நிலைபெற்றபோது டாலருக்கு ஏறத்தாழ 1,750 லெவ். வட்டியை விட்டுவிட்டால் அவருடைய 70,000 லெவ் 40 டாலர். வங்கி மூடாமல் இருந்திருந்தாலும் இதே கணக்குதான். வாராக்கடனின் விலையைக் கடைசியில் கொடுத்தவர்கள் லெவ் நாணயத்தில் சேமித்து வைத்திருந்த முதியவர்கள். அதே கடனை லெவ் நாணயத்தில் வாங்கியவர்களுக்குப் பணவீக்கமே தள்ளுபடி வழங்கியது. இந்த அநியாயத்தை எந்தச் சீர்திருத்தமும் திருத்தவில்லை.

நாணய வாரியம் என்கிறார்களே, அது வங்கிகளை எப்படி மாற்றியது?

1997 ஜூலை 1 முதல் 1,000 லெவ் ஒரு ஜெர்மன் மார்க்குக்குச் சமம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வெளியில் இருக்கும் ஒவ்வொரு லெவ்வுக்கும் ஈடாக அந்நியச் செலாவணியும் தங்கமும் கையில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் நாணய வாரியம். 1999 ஜூலையில் மூன்று சுழியங்களை வெட்டிப் புது லெவ் ஒன்று ஒரு மார்க் ஆனது. யூரோ கணக்கில், ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ். பன்னாட்டு நாணய நிதியம் இதை வற்புறுத்தியது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டீவ் ஹாங்கி அதிபர் பெதர் ஸ்தொயானொவுக்கு ஆலோசகராக இருந்தார்.

பெரும்பாலான கட்டுரைகள் பணவீக்கம் தணிந்ததைப் பேசி நின்றுவிடுகின்றன. வங்கித் துறைக்கு முக்கியமானது தேசிய வங்கியின் கைகளைக் கட்டியது. அதை மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள்: நாணயத்தை வெளியிடும் பிரிவு, வங்கிப் பிரிவு, மேற்பார்வைப் பிரிவு. வெளியீட்டுப் பிரிவின் கணக்கை வாரந்தோறும் வெளியிட வேண்டும். அரசுக்குக் கடன் கொடுக்கக்கூடாது. வணிக வங்கிக்கும் கடன் கொடுக்கக்கூடாது. துறை முழுவதும் ஆபத்தில் இருக்கும்போது மட்டும், திவாலாகாத வங்கிக்கு, எளிதில் விற்கக்கூடிய சொத்தை ஈடாகப் பெற்று, மூன்று மாதங்களுக்கு மிகாமல், வங்கிப் பிரிவின் உபரியிலிருந்து கொடுக்கலாம்.

இனி ஓர் இயக்குநர் கடன் கேட்டுவரும் அமைச்சரின் நண்பரிடம் என்ன சொல்வார்? "கொடுத்தால் வங்கி போய்விடும், காப்பாற்ற ஆளில்லை" என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும். மறுக்கும் அதிகாரம் சட்டத்தின் வடிவில் வந்து சேர்ந்தது. இதோடு, பெருநட்டத்தில் ஓடிய அரசு நிறுவனங்களைப் பட்டியலிட்டு அவற்றுக்குப் புதுக் கடனைத் தடுத்தார்கள். பல விற்கப்பட்டன, பல மூடப்பட்டன. மூலதன விகிதத்தை, அதாவது கொடுத்த கடன்களுக்கு எதிராக வங்கி தன் சொந்தப் பணமாக வைத்திருக்க வேண்டிய பங்கை, படிப்படியாக உயர்த்தி 1999-க்குள் 12 சதவீதமாக்கினார்கள். உலக வழக்கு 8 சதவீதம்.

பக்கவிளைவும் உண்டு. சூடுபட்ட வங்கிகள் பணத்தை வெளிநாட்டு வங்கிகளில் போட்டுவிட்டு, உள்நாட்டில் கடன் கொடுக்கவே தயங்கின. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கும் சில ஆண்டுகள் கடன் கிடைப்பது அரிதாக இருந்தது.

எஸ்தோனியா இதே ஏற்பாட்டை 1992-இலேயே செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் வங்கிகள் தடுமாறியபோது தார்த்து வணிக வங்கியை அரசு கைதூக்கிவிடவில்லை, மூட விட்டது. ஐந்து ஆண்டுகள் முந்திக்கொண்டதால் அவர்களுக்கு ஒரு 1996 வரவில்லை.

வங்கிகளையெல்லாம் வெளிநாட்டாருக்கு விற்றது ஏன்? அடிமாட்டு விலைக்குப் போயினவா?

வாங்குவதற்கு உள்நாட்டில் யார் இருந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1997-இல் பெரும்பணம் வைத்திருந்த பல்கேரியர் பலர் மேலே சொன்ன கடன் கோடீசுவரர்கள். அவர்களிடம் வங்கியைக் கொடுப்பது எப்படி முடிந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஒவ்வொன்றாக வெளியே விற்றார்கள். 1997-இல் ஒன்றிணைந்த பல்கேரிய வங்கி, 1998-இல் அஞ்சல் வங்கி, 1999-இல் எக்ஸ்பிரஸ்பேங்க் பிரெஞ்சு சொசியேதே ஜெனராலுக்கு. 2000-இல் எல்லாவற்றிலும் பெரிய புல்பேங்க் இத்தாலியின் யூனிகிரெடிட்டோவுக்கும் அதன் கூட்டாளி அலியான்ஸுக்கும் 36 கோடி யூரோவுக்குப் போனது. 2002-இல் பியோஹிம் வங்கி ஆஸ்திரியர்களுக்கு, 2003-இல் சேமிப்பு வங்கி டி.எஸ்.கே. ஹங்கேரியின் ஓ.டி.பி.-க்கு 31.1 கோடி யூரோவுக்கு. அதோடு வங்கிச் சொத்தில் 80 சதவீதத்துக்குமேல் வெளிநாட்டவர் கையில்.

புல்பேங்கைப் பொறுத்தவரை குறைந்த விலை என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதிக இலாபம் ஈட்டிய, பணம் நிரம்பிய வங்கி அது. இலாபம் மிலானுக்கும் புடாபெஸ்டுக்கும் போகிறது என்பதும் உண்மையே. நான் விலையை வேறு தராசில் வைத்துப் பார்ப்பேன்: விற்காத ஆறேழு ஆண்டுகள் நாட்டுக்கு என்ன செலவு வைத்தன என்று. 2008-இல் உலக நெருக்கடி வந்தபோதும், பின்னர் கிரேக்கம் சரிந்தபோதும், கிரேக்க வங்கிகள் பல்கேரியாவில் பெரும்பங்கு வைத்திருந்தும், பல்கேரிய அரசு வரிப்பணத்தை எடுத்து எந்த வங்கியையும் தூக்கிநிறுத்த வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் கடன் தாராளமாகக் கிடைத்ததா?

அளவுக்கு மீறியே கிடைத்தது. 2003-க்குப் பிறகு வீட்டுக் கடனும் நுகர்வோர் கடனும் பொங்கின. வட்டியைத் தன் கையில் வைத்திராத தேசிய வங்கி, 2005-இல் கடன் வளர்ச்சிக்கு வரம்பு கட்டியும், 2007-இல் கட்டாய இருப்பை (வைப்புகளில் தேசிய வங்கியிடம் போட்டுவைக்க வேண்டிய பங்கை) 8 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்தியும் கடிவாளம் போடப் பார்த்தது. ஓரளவு பலித்தது.

எல்லாம் சீராகிவிட்டது என்றால் 2014-இல் மறுபடியும் ஒரு வங்கி எப்படி விழுந்தது?

அந்த வங்கி இந்தக் கதைக்கு வெளியே வளர்ந்தது. கார்ப்பரேட் கமர்ஷியல் பேங்க், சுருக்கமாக கே.டி.பி., உள்நாட்டு உரிமையாளருடையது. த்ஸ்வெதான் வசிலெவ் அதன் முதன்மைப் பங்குதாரர். மற்ற வங்கிகளைவிட அதிக வட்டி தந்தது, வேகமாக வளர்ந்தது. அரசு மின் நிறுவனங்கள் போன்றவை தம் வைப்பைப் பெருமளவில் அங்கே வைத்திருந்தன. நான்காவது பெரிய வங்கியாக அது உயர்ந்ததன் பின்னால் ஆட்சியாளரின் தயவு இருந்தது என்று பத்திரிகைகள் பல ஆண்டுகளாக எழுதின. மேற்பார்வைப் பிரிவு அதைக் கண்டுகொள்ளவில்லை.

2014 ஜூனில் அந்தத் தயவு முறிந்தது. மக்கள் பணத்தை எடுக்க விரைந்தார்கள். ஜூன் 20 அன்று தேசிய வங்கி கே.டி.பி.-யைச் சிறப்புக் கண்காணிப்பில் எடுத்து, கணக்குகளை முடக்கியது. ஜூலையில் வெளியான செய்தி: 540 கோடி லெவ் கடன்களில் 350 கோடிக்கான கோப்புகளில் போதிய ஆவணமே இல்லை. 1996-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருந்திராது. வசிலெவ் செர்பியாவுக்குப் போய்விட்டார். தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார்.

இடையில் ஜூன் 27 அன்று மற்றொரு உள்நாட்டு வங்கியான ஃபர்ஸ்ட் இன்வெஸ்ட்மென்ட் பேங்கில் ஒரே நாளில் 80 கோடி லெவ் எடுக்கப்பட்டது. குறுஞ்செய்திகளில் பரவிய வதந்தி அதற்குக் காரணம் என்றார்கள். ஐரோப்பிய ஆணையம் 330 கோடி லெவ் வரையிலான அரசு உதவிக்கு உடனே ஒப்புதல் தந்தது, அச்சம் அடங்கியது.

கே.டி.பி. வைப்பாளர்கள் காத்திருந்தது அரை ஆண்டுக்கு அருகில். நவம்பரில் உரிமம் ரத்தானது; டிசம்பர் 4 முதல்தான், தலைக்கு 1,96,000 லெவ் வரை (ஒரு லட்சம் யூரோ), காப்பீட்டுப் பணம் வழங்கினார்கள். காப்பீட்டு நிதியில் இருந்தது போதாமல் அரசு கடன் கொடுத்தது. சட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை. மூலதன விதி கண்டிப்பாகவே இருந்தது, நாணய வாரியமும் அப்படியே இருந்தது. உரிமையாளர் அரசியலுக்கு அருகில் இருந்தார், மேற்பார்வையாளர் அவருக்கு எதிரில் போய் நிற்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த விகிதமும் துணைக்கு வராது.

கடன் வாங்கி ஏமாற்றியவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

1997-இல் அவர்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. மக்கள் ஆவலோடு படித்தார்கள். சிறைக்குப் போனவர்கள் மிகச் சிலர். மூடிய வங்கிகளின் சொத்தைப் பிரிக்கும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்ததால், 2002-இல் வங்கித் திவாலுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இப்போது பல்கேரிய வங்கிகளை மேற்பார்வை செய்வது யார்?

2014-இன் பாடத்தைப் பல்கேரிய அரசு தனக்கே உரிய முறையில் எடுத்துக்கொண்டது: உள்ளூர்க் கண்காணிப்பை மக்கள் நம்பவில்லை என்றால் வெளியார் வரட்டும். யூரோவுக்குள் நுழையுமுன் ஐரோப்பிய மத்திய வங்கியின் மேற்பார்வைக்குத் தானாக முன்வந்தது. அந்த வங்கி 2019-இல் ஆறு பல்கேரிய வங்கிகளின் சொத்தை ஆராய்ந்தபோது, ஃபர்ஸ்ட் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிலும் இன்வெஸ்ட்பேங்கிலும் மூலதனக் குறைவைக் கண்டது, இரண்டும் உள்நாட்டவருடையவை. 2020 அக்டோபர் முதல் பெரிய வங்கிகளை ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி நேரடியாகப் பார்க்கிறது, சிறியவற்றைத் தேசிய வங்கி பார்க்கிறது.

2026 ஜனவரி 1 அன்று 1.95583 என்ற அதே விகிதத்தில் லெவ் யூரோவாக மாறியதோடு நாணய வாரியத்துக்கு வேலை இல்லாமல் போனது. நெருக்கடியில் சிக்கும் நல்ல வங்கிக்கு இப்போது ஐரோப்பிய மத்திய வங்கி அமைப்பின் வழியாக அவசரக் கடன் கிடைக்கும். 1997 முதல் பல்கேரிய வங்கிகளுக்கு இந்த வசதி மிகக் குறுகிய விதிவிலக்காகவே இருந்தது. இதனால் அவற்றின் கடன் கொடுக்கும் பழக்கம் தளருமா என்பதை அடுத்த கடன் பெருக்கத்தின்போதுதான் பார்க்க முடியும்.